கில்வெல் பூங்காவும் சாரண ஆசிரியர் பயிற்சியும்

சாரணர் படைகளை நடத்தும் பெரியவர்களுக்கு உலகின் பல நாடுகளில் அளிக்கப்படும் உயர்நிலைப் பயிற்சி 'உட் பேட்ஜ்' எனப்படும். மரச்சின்னம் என்று தமிழில் சொல்லலாம். கழுத்தில் தோல் கயிற்றில் தொங்கும் இரண்டு சிறிய மரமணிகள் இதன் அடையாளம். இப்பயிற்சி 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இலண்டனுக்கு அருகே எப்பிங் காட்டின் ஓரத்தில் உள்ள கில்வெல் பூங்காவில் தொடங்கியது.

பின்னணி

பேடன் பவல் 1907-இல் பிரவுன்சி தீவில் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை முகாம் நடத்தினார். மறு ஆண்டு அவருடைய நூல் வெளிவந்ததும் சிறுவர்கள் தாங்களாகவே அணி சேர்ந்து, தங்களை வழிநடத்தப் பெரியவர்களைத் தேடிப் போனார்கள். சிக்கல் அங்கேதான் எழுந்தது. முன்வந்தவர்களில் பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள் எனப் பலர் இருந்தனர். நல்ல மனம் எல்லோருக்கும் இருந்தது; ஆனால் கூடாரத்தில் ஓரிரவு தங்கிய அனுபவம் பலருக்கு இல்லை. படையிலிருந்து வந்தவர்களோ சிறுவர்களை வரிசையில் நிறுத்தி அணிவகுப்புப் பழக்குவதே சாரணியம் என எண்ணினர். முதல் உலகப் போருக்கு முன்பே இலண்டனிலும் யார்க்சயரிலும் பேடன் பவல் இவர்களுக்கு விரிவுரை வகுப்புகள் நடத்திப் பார்த்தார். நாற்காலியில் அமர்ந்து கேட்டால் அடுப்பு மூட்ட வந்துவிடாது அல்லவா? திறந்தவெளியில் நிலையான ஒரு பயிற்சி நிலையம் தேவைப்பட்டது.

அதற்கு வழிசெய்தவர் வில்லியம் டி போயிஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர். கில்வெல் நிலத்தை வாங்க 7,000 பவுண்டும், பாழடைந்த மாளிகையைச் செப்பனிட 3,000 பவுண்டும் கொடுத்தார். 1919 ஈஸ்டர் விடுமுறையில் புதர்களை வெட்டிச் சீர்செய்ய இலண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து மூத்த சாரணர்கள் வந்தனர். தரை ஈரமாக இருந்ததால் கூடாரம் அடிக்க முடியவில்லை. பழைய கொட்டகை ஒன்றில் இரவைக் கழித்தவர்கள் அதற்குப் 'பன்றித் தொழுவம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கொட்டகையை இன்றும் போற்றிக் காக்கிறார்கள்.

முதல் பயிற்சி

செப்டம்பர் 8 முதல் 19 வரை முதல் முகாம் நடந்தது. தலைமை ஏற்றவர் பிரான்சிஸ் கிட்னி. பிரவுன்சி தீவில் ஊதிய அதே கூடு மான் கொம்பை ஊதி முகாமைத் தொடங்கினர். வந்திருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களைச் சிறுவர்களைப் போலவே அணிகளாகப் பிரித்தார்கள். தாங்களே சமைத்தார்கள், மரங்களைக் கட்டிப் பாலம் அமைத்தார்கள், தடம் பார்த்து நடந்தார்கள், காலையில் கூடாரச் சோதனைக்கு நின்றார்கள். அணித்தலைவனுக்கு அடங்கி நடப்பது எப்படி இருக்கும் என்பதை உணராதவர் அணி முறையைப் பிறருக்குக் கற்பிக்க இயலாது என்பதே இதன் அடிப்படை. கரும்பலகைக்கு முன்னே பல்லாண்டு நின்ற நம்மைப் போன்றவர்களுக்குத் தரையில் அமர்ந்து முடிச்சுப் போடக் கற்பது முதலில் கூச்சமாகவே இருக்கும். அந்தக் கூச்சம் போவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

பிறகு இது மூன்று பகுதிகளாக வளர்ந்தது. முதலில் படித்து வினாக்களுக்கு எழுத்தில் விடையளித்தல், அடுத்து முகாம், இறுதியாகத் தம் சொந்தப் படையில் சில மாதங்கள் செயல்படுத்திக் காட்டுதல். மூன்றும் முடிந்த பின்னரே மணிகள் கிடைத்தன. கழுத்துத் துணியில் மெக்லாரன் குலத்தின் கட்டம்போட்ட துணித் துண்டு ஒன்றும் தைக்கப்பட்டது.

மணிகளின் கதை

முதல் மணிகள் சூலு மன்னர் தினிசூலுவின் கழுத்து மாலையிலிருந்து எடுக்கப்பட்டவை. 1888-இல் சூலுலாந்தில் ஆங்கிலேயப் படையில் இருந்த பேடன் பவலிடம் அம்மாலை சேர்ந்தது. மன்னர் விட்டுச் சென்ற குடிசையில் கிடைத்தது என்றும் வேறு விதமாகவும் கதைகள் உண்டு. எப்படி வந்திருந்தாலும், சூலு மக்களிடையே வீரத்திற்கு அடையாளமான அணிகலன் அது. அதன் உரிமையாளர் அதை அன்பளிப்பாகத் தரவில்லை என்றே கொள்ள வேண்டும். தினிசூலு விசாரிக்கப்பட்டு, செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். பயிற்சி முகாம்களில் மணிகளின் பெருமையைச் சொல்லும்போது இந்தப் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மூல மணிகள் தீர்ந்ததும் அதே வடிவில் நகல்கள் செய்யப்பட்டன.

காட்டிலிருந்து விலகியதும் திரும்பியதும்

கிட்னிக்குப் பின் 1923-இல் பொறுப்பேற்ற ஜே. எஸ். வில்சன் கல்கத்தாக் காவல்துறையில் அதிகாரியாக இருந்து அங்கே சாரணர் பணியும் செய்தவர். அவர் 1936-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு சோதனைப் பயிற்சி நடத்தினார். 1948-இல் டென்மார்க்கில் பிறந்த வில்லியம் ஹில்கோர்ட் அங்கு அதை முறையாகத் தொடங்கினார்.

ஆனால் 1972-இல் அமெரிக்கச் சாரணர் அமைப்பு தன் திட்டத்தையே மாற்றியது. ஆசிரியர் பயிற்சியில் காட்டுத் திறன்கள் பின்னுக்குப் போய், திட்டமிடல், குழுவை வழிநடத்தல் போன்ற தலைமைத் திறன்கள் முன்னுக்கு வந்தன. சிறுவர்களுக்கான திட்டத்திலும் முகாம் வாழ்க்கையின் இடம் சுருங்கியது. நகரத்துப் பிள்ளைகளையும் ஈர்ப்பதே நோக்கம். விளைவு நேர்மாறாக இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. ஓய்வில் இருந்த ஹில்கோர்ட் மீண்டும் வந்து, வெளிப்புற வாழ்க்கையை நடுநாயகமாக வைத்துச் சாரணர் கையேட்டைத் திருத்தி எழுதினார். அது 1979-இல் வெளியானது. ஆசிரியர்களுக்கான வெளிப்புறத் திறன் பயிற்சி இப்போது அங்கே தனிப் பாடமாக நடக்கிறது. தலைமைப் பண்பைத் தனியே பிரித்துக் கற்பிக்க முடியும் என்ற எண்ணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மழையில் நனைந்த விறகை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குச் சோறு ஆக்கும்போது அது தானே வெளிப்படும்.

இந்தியாவில்

அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய இந்தியச் சிறுவர் சாரணர் சங்கம், பேடன் பவல் 1921-இல் வந்தபோது அவருடைய இயக்கத்துடன் இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு உருவானது. மறு ஆண்டு சாரணியர் அமைப்பும் இதனுடன் இணைந்தது. மத்தியப் பிரதேசத்தின் சத்புரா மலையிலுள்ள பச்மடியில் இதன் தேசியப் பயிற்சி நிலையம் இயங்குகிறது. அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி ஆகியவற்றை முடித்தவர்கள் அடுத்து 'ஹிமாலயா உட் பேட்ஜ்' பயிற்சிக்குச் செல்கின்றனர். நம் நாட்டில் இதில் சேருவோரில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள்.