டேசர்: கொல்லாது என்று சொல்லி விற்கப்பட்ட துப்பாக்கியின் கதை

வெளிநாட்டு போலீஸ் கையில் மஞ்சள் கலரில் ஒரு துப்பாக்கி பார்த்திருப்பீங்க.

சுட்டால் தோட்டா வராது. மெல்லிய கம்பியில் கட்டிய இரண்டு முட்கள் பறந்து வந்து உடம்பில் குத்தும். அடுத்த நொடி ஆள் கட்டை மாதிரி விழுவார்.

அதுதான் டேசர்.

"இதனால் யாரும் சாக மாட்டார்கள்" என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க இதை வாங்கினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி?

பதில் தேடிப் போனால் பாதி போலீஸ் வரலாறு, மீதி மருத்துவ வரலாறு. அதனால்தான் ஒரு மருத்துவராக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

சரி, முதலில் இது எப்படிப் பிறந்தது?

1960களின் இறுதியில் அமெரிக்காவில் விமானக் கடத்தல்கள் பெருகின. பறக்கும் விமானத்துக்குள் துப்பாக்கியால் சுட்டால் கடத்தல்காரனோடு பயணிகளுக்கும் ஆபத்து.

அப்போலோ திட்டத்தில் வேலை பார்த்த ஜாக் கவர் என்ற இயற்பியலாளர் இதற்கு வழி தேடினார். மின்வேலியில் சிக்கி, அசைய முடியாமல் நின்று, பிறகு உயிரோடு தப்பிய ஒருவரைப் பற்றிய செய்தி அவருக்கு யோசனை கொடுத்தது.

1911இல் வந்த ஒரு சிறுவர் சாகச நாவலின் நாயகன் டாம் ஸ்விஃப்ட். அவனிடம் ஒரு மின்துப்பாக்கி உண்டு. அந்தக் கதைப்பெயரின் முதல் எழுத்துகளைக் கோர்த்ததுதான் டேசர்.

1974இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் முட்களைப் பறக்கவிட வெடிமருந்து பயன்பட்டதால், 1976இல் அமெரிக்க அரசு இதைத் துப்பாக்கிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வியாபாரம் படுத்துவிட்டது.

1993இல் அரிசோனாவைச் சேர்ந்த ஸ்மித் சகோதரர்கள் கவரோடு சேர்ந்து வெடிமருந்தை எடுத்துவிட்டு, அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுவை வைத்தார்கள். துப்பாக்கிச் சட்டத்தின் பிடி விலகியது. 1999இல் எம்26, 2003இல் எக்ஸ்26 என்று மாடல்கள் வந்தன. போலீஸ் படைகள் வாங்கிக் குவித்தன. அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் ஆக்ஸான்.

இப்ப மருத்துவத்துக்கு வருவோம்.

"50,000 வோல்ட்டாமே!" என்று பலர் பயப்படுவார்கள். வோல்ட் மட்டும் ஆளைக் கொல்வதில்லைங்க.

மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஆம்பியர். தொட்டி எவ்வளவு உயரமானாலும் குழாய் ஊசி அளவு என்றால் சொட்டுதான் வரும்.

டேசரின் 50,000 வோல்ட், காற்றையும் சட்டையையும் தாண்டுவதற்கு. உடம்புக்குள் போவது சுமார் 1,200 வோல்ட். எக்ஸ்26 மாடலில் சராசரி மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர் அளவுதான். நொடிக்கு 19 துடிப்புகள். ஒருமுறை விசையை அழுத்தினால் 5 நொடி.

இரண்டு முட்களுக்கும் நடுவே உள்ள தசைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இறுகிவிடும். மூளை சொல்வதைக் கை கால் கேட்காது.

இதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் 12 போலீஸ் துறைகளின் சுமார் 24,000 சம்பவங்களை ஆராய்ந்து 2009இல் வந்த ஆய்வில், டேசர் பயன்பட்ட இடங்களில் பிடிபட்டவர் காயமடையும் வாய்ப்பு 60%க்கு மேல் குறைந்திருந்தது. தடியடியை விட, தோட்டாவை விட இது மேல் என்பதை மறுக்க முடியாது.

அப்ப பிரச்சனை எங்கே?

முதல் பிரச்சனை, விழுவது. கையை ஊன்ற முடியாமல் தலை நேராகத் தரையில் மோதும். 2023இல் ஆஸ்திரேலியாவின் கூமா ஊரில், முதியோர் இல்லத்தில் இருந்த 95 வயதுப் பாட்டி. டிமென்ஷியா நோயாளி. நடக்க உதவும் வாக்கரோடு, கையில் ஒரு கத்தியோடு வந்தவர் மீது காவலர் டேசரைப் பாய்ச்சினார். பாட்டி விழுந்ததில் தலையில் அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்தார். 2024இல் அந்தக் காவலர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

இரண்டாவது, இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மறுபடி தயாராகும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஈசிஜியில் டி அலை வரும் நேரம். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் இதயத்தைப் பிடித்துவிட்டால், தாளம் கெட்டு இதயம் வெறுமனே நடுங்கும். ரத்தம் வெளியே போகாது. இதைத்தான் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறோம்.

முட்கள் நெஞ்சில், இதயத்துக்கு அருகே பாய்ந்தால் இது நடக்கலாம் என்று டக்ளஸ் ஜைப்ஸ் என்ற இதய மருத்துவர் 2012இல் 8 பேரின் விவரங்களோடு எழுதினார். அவர் வழக்குகளில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிப் பணம் பெற்றவர் என்று நிறுவனம் மறுத்தது. அது உண்மைதான். ஆனால் நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வுகள் "பாதுகாப்பானது" என்று முடிக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று 2011இல் இன்னொரு ஆய்வு காட்டியிருந்தது. அதற்கும் முன்பே, 2009இல், "முடிந்தவரை நெஞ்சில் சுடாதீர்கள்" என்று நிறுவனமே பயிற்சிக் குறிப்பை மாற்றியிருந்தது.

மூன்றாவது, என் பார்வையில் மிகப் பெரியது. கொல்லாது என்ற நினைப்பு விரலை இலகுவாக்கிவிடுகிறது.

2007 அக்டோபர். போலந்திலிருந்து கனடாவில் இருக்கும் அம்மாவிடம் வந்து சேர்ந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி, வான்கூவர் விமான நிலையத்தில் சுமார் பத்து மணி நேரம் வழி தெரியாமல் தவித்தார். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. பதற்றத்தில் பொருட்களைத் தூக்கிப் போட்டார். நான்கு காவலர்கள் வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, டேசர் பாய்ந்தது. மொத்தம் ஐந்து முறை. அவர் கையில் இருந்தது பேப்பர் பின் அடிக்கும் ஸ்டேப்ளர். அங்கேயே இறந்தார்.

அங்கிருந்த ஒரு பயணி எடுத்த வீடியோ இல்லையென்றால் போலீஸ் சொன்னதுதான் கதையாகியிருக்கும். விசாரணை ஆணையம், டேசரைப் பயன்படுத்தியது நியாயமில்லை என்றது. ஆணையத்திடம் பொய் சொன்னதற்காக இரண்டு காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

2016இல் இங்கிலாந்தில் முன்னாள் கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சன் மீது 33 நொடி தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தது. 5 நொடி எங்கே, 33 நொடி எங்கே? கீழே விழுந்தவரைத் தலையில் உதைக்கவும் செய்தார் காவலர். 2021இல் அவருக்கு 8 ஆண்டு சிறை.

இனி நம்ம துறை.

இப்படி இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் பல ஆண்டுகளாக ஒரு காரணம் எழுதப்பட்டு வந்தது. "எக்ஸைட்டட் டெலிரியம்". அதாவது வெறி முற்றி, தானாகவே இறந்துவிட்டார் என்று பொருள்.

1985இல் மயாமியைச் சேர்ந்த சார்லஸ் வெட்லி என்ற தடயவியல் மருத்துவர் கோகைன் மரணங்களுக்குப் பயன்படுத்திய பெயர் அது. அதே ஊரில் வரிசையாக இறந்துகிடந்த கறுப்பினப் பெண்களுக்கும் கோகைனையே அவர் காரணமாகச் சொன்னார். மறுபரிசோதனையில் அவர்கள் மூச்சடைத்துக் கொல்லப்பட்ட அடையாளங்கள் தெரிந்தன. போலீஸ் தேடியது ஒரு தொடர் கொலைகாரனை!

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெயர் சாகவில்லை. 2009இல் அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் அதை அங்கீகரித்து அறிக்கை வெளியிட்டது. 2023இல்தான் அதைத் திரும்பப் பெற்றது.

மாற்றி எழுதிய மருத்துவர்கள் கதி என்ன? ஒஹையோவின் சம்மிட் கவுண்டியில் மூன்று மரணங்களில் டேசருக்கும் பங்கு உண்டு என்று மருத்துவ அதிகாரி எழுதினார். நிறுவனம் வழக்குப் போட்டது. டேசர் பெயரை நீக்கச் சொல்லி 2008இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2017இல் ராய்ட்டர்ஸ் கணக்கெடுத்தபோது அமெரிக்காவில் டேசர் பாய்ந்த பிறகு நடந்த மரணங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றில் டேசரைக் காரணமாகவோ பங்காகவோ குறிப்பிட்டவை 153. மற்றவை எல்லாம் டேசரால் நடந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். போதைப்பொருள், இதய நோய், மேலே ஏறி அமுக்கியது என்று பல காரணங்கள் கலந்திருக்கும். ஆனால் நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆயத்தமாக ஒரு பெயர் காத்திருந்தது என்பதுதான் கவலை.

எந்த ஊர் போலீஸ் இதை வாங்கினாலும் நாம் கேட்க வேண்டியவை இவைதான்.

யார் மீது பாய்ச்சக்கூடாது? முதியவர், கர்ப்பிணி, குழந்தைகள், மனநலப் பாதிப்பில் இருப்பவர் பற்றி விதி இருக்கிறதா?

மொத்தம் எத்தனை நொடி என்று கருவியில் பதிவாகிறதா? அதை யார் பார்ப்பார்கள்?

விழுந்தவரின் நாடியை உடனே யார் பார்ப்பார்கள்? அந்த வண்டியில் ஏஇடி கருவி இருக்கிறதா? நடுங்கும் இதயத்தை மறுபடி தாளத்துக்குக் கொண்டுவர சிபிஆரும் அந்தக் கருவியும்தான் வழி. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் கைநழுவும்.

கடைசியாக, இறந்துவிட்டால் சான்றிதழ் எழுதும் மருத்துவர் யாருக்கும் பயப்படாமல் எழுத முடியுமா?

இந்த நான்குக்கும் பதில் இல்லாத ஊரில், கொல்லாத ஆயுதம் என்று அதை யாரும் அழைக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க.