காடு படிக்கவா, தண்ணீர் படிக்கவா?



"புள்ள சுற்றுச்சூழல் சம்பந்தமாத்தான் படிப்பேங்கறா, எதுல சேக்கறதுங்க டீச்சர்?" என்று என்னிடம் படித்த ஒருவர் கேட்டிருந்தார். பெயர்கள் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு படிப்பும் ஒவ்வொரு தேவைக்காக வந்தது. அந்தக் கதையை அறிய டேராடூன் போக வேண்டாம், காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் போதும்.

முதலில் வந்தது காடு. வெள்ளைக்கார அரசுக்கு மரம் தேவைப்பட்டது. ஆர்.எஸ்.புரத்தில் 1902-ல் காஸ் வன அருங்காட்சியகமும், 1912-ல் மெட்ராஸ் வனக் கல்லூரியும் வந்தன. மரத்தை அளப்பது, வெட்டுவது, திரும்ப நடுவது, இதுதான் வனத்துறைக்காரருக்கு வேண்டிய படிப்பு. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரியும் 1906-ல் இங்கே வந்துவிட்டது. அது 1971-ல் பல்கலைக்கழகமாகி, அதன் வனக் கல்லூரி 1990 முதல் மேட்டுப்பாளையத்தில் நடக்கிறது. பி.எஸ்சி. வனவியல் அங்கேதான்.

தண்ணீரின் கதை வேறு. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ல்தான் வந்தது. நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடியதை நீங்களே பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் தொழில் நடக்கும் என்ற நிலை. அந்த வேலைக்குப் பொறியாளர் வேண்டும். பலரும் சிவில் அல்லது கெமிக்கல் முடித்து, எம்.இ.-யில் சுற்றுச்சூழல் எடுக்கிறார்கள்.

பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலோ இந்த இரண்டுக்கும் பின்னால் வந்த பிள்ளை. நல்ல படிப்புதான். ஆனால் ஐ.எஃப்.எஸ். தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை! எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் விதி விதிதான். அதனால் அந்தக் கோர்ஸில் சேருமுன் கூடவே என்ன பாடம் வருகிறது என்று கல்லூரியில் கேளுங்கள். எம்.எஸ்சி. வரை படிக்கவும் மனதைத் தயார் செய்யுங்கள். பறவை, விலங்கு ஆராய்ச்சி என்றால் ஆனைக்கட்டியில் 1990-ல் தொடங்கிய சாலிம் அலி மையம் இருக்கிறது, அதற்கும் மேற்படிப்பு வேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூவில் கணக்கு இல்லாவிட்டால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. பாப்பா எந்த குரூப் என்று எழுதவே இல்லையே, கண்ணு? கீழே சொல்லு.