குஷாய்குடா: மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தல்

குஷாய்குடா என்பது தெலங்கானா மாநிலம் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில், ஹைதராபாத் நகரின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள குடியிருப்புப் பகுதி. கப்ரா, செர்லபள்ளி, டாக்டர் ஏ.எஸ்.ராவ் நகர் ஆகியவை இதன் அண்டைப் பகுதிகள். இது உப்பல் சட்டமன்றத் தொகுதிக்கும் மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதிக்கும் உட்பட்டது. 2007 வரை கப்ரா நகராட்சியின் கீழ் இருந்தது; அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. இப்பகுதியில் வசிப்பவர்கள் மாநகராட்சித் தேர்தலில் வாக்குரிமை பெறும் வழியையும், அத்தேர்தல் வளர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

வரலாறு

ஹைதராபாத்தில் நகராட்சி நிர்வாகம் 1869 இல் தொடங்கியது. அன்று நிஜாம் அரசின் திவானாக இருந்தவர் முதலாம் சாலார் ஜங். மூசி ஆற்றுக்குத் தெற்கே இருந்த கோட்டை நகரம் நான்கு பிரிவுகளாகவும், வடக்கே இருந்த சாதர்காட் புறநகர் ஐந்து பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டன. தெருவிளக்கு, சாலை, துப்புரவு ஆகியவற்றை அதிகாரிகளே கவனித்தனர். குடிமக்களைக் கேட்டு எதையும் செய்யும் வழக்கம் அப்போது இல்லை. 1886 இல் சாதர்காட் தனி நகராட்சியானது. 1933 இல் அது மீண்டும் ஹைதராபாத்துடன் இணைக்கப்பட்டு, நகரம் முழுமைக்கும் மாநகராட்சித் தகுதி கிடைத்தது. மறு ஆண்டில், 1934 இல், முதல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. முடியாட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு நகரத்தில் வாக்குச்சீட்டு நுழைந்த அந்த ஆண்டு, அதற்குரிய கவனத்தை வரலாற்று நூல்களில் இன்னும் பெறவில்லை. அந்த உரிமையும் நிலைக்கவில்லை. 1942 இல் மாநகராட்சித் தகுதி பறிக்கப்பட்டது.

இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பிறகு, 1950 இல் ஹைதராபாத், செகந்திராபாத் என இரண்டு மாநகராட்சிகள் அமைந்தன. 1951 இல் ஹைதராபாத் மாநகராட்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாடபாடி ஹனுமந்த ராவ். தெலங்கானாவில் நூலக இயக்கத்தையும் பெண்கல்வியையும் வளர்த்தவர். 'ஆந்திர பிதாமகர்' என்று தெலுங்கு மக்கள் போற்றியவர். நகரின் முதல் குடிமகனாக இத்தகைய ஒருவர் அமர்ந்தது மக்களாட்சியின் நல்ல தொடக்கம். இன்றும் மாநகராட்சியின் அடிப்படைச் சட்டம் 1955 இல் இயற்றப்பட்டதுதான்; பெயரும் சில பிரிவுகளும் மாறியுள்ளன. 1960 ஆகஸ்ட் 3 அன்று செகந்திராபாத் மாநகராட்சியும் ஹைதராபாத்துடன் கலந்தது.

அதன்பின் வந்தது நீண்ட வறட்சி. 1986 இல் தேர்வான மன்றம் கலைந்த பிறகு 2002 வரை நகரத்தில் தேர்தலே நடக்கவில்லை. நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்பின் 74 ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் கட்டாயமாக்கியும், ஹைதராபாத் மக்கள் மேலும் எட்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். 2002 இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். தெலுங்கு தேசம் கட்சியின் தீகல கிருஷ்ணா ரெட்டி வென்றார். பின்னர் அந்த முறை கைவிடப்பட்டது. மக்களிடமிருந்து அந்த உரிமை எடுக்கப்பட்டது இழப்பே.

குஷாய்குடா இந்த வரலாறு முழுவதிலும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. 2007 இல் கப்ரா, மல்காஜ்கிரி, அல்வால், உப்பல் கலான், குக்கட்பள்ளி உள்ளிட்ட 12 நகராட்சிகளும் 8 கிராமப் பஞ்சாயத்துகளும் சேர்க்கப்பட்டன. விரிந்த மாநகராட்சிக்கு 150 வார்டுகள். உள்ளூர்ப் பேச்சில் 'டிவிஷன்'. கப்ரா 1, டாக்டர் ஏ.எஸ்.ராவ் நகர் 2, செர்லபள்ளி 3 என வரிசை எண்கள் இந்தப் பகுதியிலிருந்தே தொடங்கின. அரசு நியமித்த சிறப்பு அதிகாரியின் ஆட்சி இரண்டரை ஆண்டு நீடித்த பிறகு, 2009 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல்கள் 2016 பிப்ரவரி 2 அன்றும் 2020 டிசம்பர் 1 அன்றும் நடந்தன. 2016 இல் மேயரான பொந்து ராம்மோகன் செர்லபள்ளி வார்டிலிருந்து வந்தவர்.

வாக்குப்பதிவுக் கருவியும் வாக்குச்சீட்டும்

இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பிறப்பிடங்களில் ஒன்று குஷாய்குடாவுக்கு மிக அருகில் உள்ளது. விஞ்ஞானி ஏ.எஸ்.ராவ் தலைமையில் 1967 இல் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தைச் சுற்றித்தான் இப்பகுதியின் காலனிகள் வளர்ந்தன. அதன் சுருக்கப் பெயரான 'ஈ.சி.ஐ.எல்.' என்றால் பேருந்து நடத்துநருக்கு நிறுத்தத்தின் பெயர். தேர்தல் ஆணையம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1979 இல் இந்நிறுவனம் இயந்திரத்தின் மாதிரியை உருவாக்கியது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அது அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்குச் செய்து காட்டப்பட்டது. 1982 மே 19 அன்று கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அப்போதைய சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984 இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. அந்த 50 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இயந்திரத்துக்கு வழிவிட்டது. இப்போது நாட்டின் இயந்திரங்களை இந்நிறுவனமும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் செய்கின்றன.

அப்படியிருந்தும் 2020 மாநகராட்சித் தேர்தலில் குஷாய்குடா மக்கள் வாக்குச்சீட்டில்தான் வாக்களித்தனர். கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையம் பழைய முறைக்குத் திரும்பியது. இது பிழையான முடிவு என்பதற்கு அத்தேர்தலே சான்று. பழைய மலக்பேட் வார்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரின் பெயருக்கு எதிரே மார்க்சிஸ்ட் கட்சியின் சின்னம் அச்சாகிவிட, டிசம்பர் 3 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. நேரேட்மெட் வார்டில், சுவஸ்திக் முத்திரைக்குப் பதில் வேறு முத்திரை விழுந்த சீட்டுகள் செல்லுமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மற்ற வார்டுகளில் டிசம்பர் 4 அன்று வெளியான முடிவு அங்கு மட்டும் சில நாள் தாமதமானது.

பட்டியலில் பெயர் சேர்த்தல்

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அன்று. அரசமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகளின்படி அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அதற்கெனத் தனியாக வாக்காளர்கள் புதிதாகச் சேர்க்கப்படுவதில்லை. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, வீடு எந்த வார்டில் உள்ளதோ அதற்கேற்பப் பிரித்து வார்டுப் பட்டியல் தயாராகிறது. எனவே உப்பல் தொகுதிப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மாநகராட்சி வாக்கும் இல்லை. வீட்டுவரி செலுத்துவதோ, குடிநீர் இணைப்பு வைத்திருப்பதோ வாக்குரிமை தராது. சொந்த வீடு ஊரில் இருந்து, குஷாய்குடாவில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வாக்கு உண்டு.

18 வயது நிறைந்த இந்தியக் குடிமகன், வழக்கமாக வசிக்கும் இடத்தில் படிவம் 6 அளித்துப் பெயர் சேர்க்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டுமே வயதுக் கணக்குக்குரிய நாளாக இருந்தது. 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்தன. ஏற்கெனவே வேறு தொகுதியிலோ வேறு மாநிலத்திலோ பெயர் உள்ளவர் படிவம் 8 வழியாக முகவரியை மாற்ற வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் பெயரை விட்டுவிட்டு இங்கு வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் செய்யத் தவறுவது இதையே. இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர் பெயரை நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. மூன்றையும் இணையத்திலோ, அந்தந்த வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ அளிக்கலாம்.

வரைவு வார்டுப் பட்டியல் வெளியாகும்போது அதைப் பார்ப்பதே மிக முக்கியமான வேலை. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தும், ஒரு தெருவின் ஒரு பக்கம் அடுத்த வார்டுக்குப் போய்விடுவது உண்டு. வேட்புமனு முடிந்த பிறகு திருத்தம் கேட்டால் பயனில்லை.

மாநகராட்சித் தேர்தல்களில் வாக்குப்பதிவு 2009 இல் சுமார் 42, 2016 இல் 45, 2020 இல் 46 சதவீதம். 2020 இல் சனி, ஞாயிறு, கார்த்திகைப் பௌர்ணமி விடுமுறைகளை அடுத்த செவ்வாய்க்கிழமையில் தேர்தல் வந்ததால், நகரவாசிகள் ஊர் சுற்றப் போய்விட்டனர் என்று குறை கூறப்பட்டது. ஆனால் பட்டியலும் ஒரு காரணமாக இருக்கலாம். வீடு மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் நீங்காத ஏறத்தாழ 74 லட்சம் பெயர்களை வைத்து எடுத்த சதவீதம் அது.

வாக்குப்பதிவு நாள்

2020 இல் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நடந்தது. வாக்காளர் சீட்டில் சாவடி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். அது அடையாளச் சான்று ஆகாது. புகைப்பட வாக்காளர் அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். விரலில் மை வைத்த பிறகு சீட்டு தரப்படும். ஒரே வேட்பாளருக்கு எதிரே முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாதபடி மடித்துப் பெட்டியில் இட வேண்டும். இருவருக்கு எதிரே விழுந்தால் வாக்கு செல்லாது. யாரும் வேண்டாம் என்பவர்களுக்குக் கடைசியில் 'நோட்டா' இருந்தது. தம் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால், சாவடித் தலைமை அலுவலரிடம் முறையிட்டுத் தனிச் சீட்டு பெறலாம்; திரும்பிப் போய்விடக் கூடாது.

இதே மாவட்டத்தின் கொம்பள்ளி நகராட்சியில் 2020 ஜனவரி 22 அன்று 10 சாவடிகளில், வாக்காளரின் அடையாளத்தைச் சரிபார்க்க, முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இடஒதுக்கீடு, மேயர் தேர்வு

2020 இல் 150 வார்டுகளில் பழங்குடியினருக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 10, பிற்படுத்தப்பட்டோருக்கு 50 ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 88 இல் 44 பெண்களுக்கு. வாக்காளர் தேர்ந்தெடுப்பது கார்ப்பொரேட்டரை மட்டுமே. மேயரை கார்ப்பொரேட்டர்களும், பதவிவழி உறுப்பினர்களான எம்.எல்.ஏ., எம்.எல்.சி., எம்.பி.க்களும் சேர்ந்து தேர்வு செய்கின்றனர். 2020 இல் தெலங்கானா ராஷ்ட்ர சமிதி 56, பாரதிய ஜனதா 48, மஜ்லிஸ் கட்சி 44, காங்கிரஸ் 2 இடங்கள் பெற்றன. 2021 பிப்ரவரி 11 அன்று கத்வால் விஜயலட்சுமி மேயரானார்.

இன்றைய நிலை

2025 முடிவில் சுற்றியுள்ள 27 நகராட்சிகளும் மாநகராட்சிகளும் ஹைதராபாத்துடன் இணைக்கப்பட்டு, வார்டுகள் 300 ஆக மறுவரையறை செய்யப்பட்டன. 2020 வாக்காளர் சீட்டில் இருந்த வார்டு எண் இனிச் செல்லாது.