பதினேழு வயதுக் காதலும் அமெரிக்கப் பதிப்புலகமும்

அமெரிக்கப் பதிப்புலகம் பதின்பருவத்தினரைத் தனி வாசகராகக் கருதத் தொடங்கியிராத 1942ஆம் ஆண்டில், மோரீன் டேலி கல்லூரி மாணவியாக இருந்தபோது எழுதிய ‘செவன்டீன்த் சம்மர்’ நாவல் பெரியவர்களுக்கான நூலாகவே வெளிவந்தது. அயர்லாந்தில் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபான் டு லாக் என்னும் ஊரில் வளர்ந்த அவர், தாம் வளர்ந்த ஊரையே கதைக்களமாக்கினார். ரொட்டிக்கடைக்காரரின் மகன் ஜாக்கும் பள்ளிப்படிப்பை முடித்த ஆஞ்சியும் ஏரியில் பாய்மரப் படகில் செல்வதும், ‘டிரக்ஸ்டோர்’ எனப்பட்ட, குளிர்பானமும் விற்கும் மருந்துக்கடையில் நண்பர்களோடு கூடுவதும், தொலைபேசி மணிக்கு அவள் காத்திருப்பதும்தான் அதன் பெரிய நிகழ்ச்சிகள். கோடை முடிந்ததும் இருவரும் பிரிகின்றனர். காதலைத் திருமணத்தில் கொண்டுபோய் நிறுத்தாத அந்த முடிவே நாவலின் உண்மையான துணிவு எனலாம்.

‘யங் அடல்ட்’, அதாவது இளையோர் இலக்கியம் என்ற வகைப்பெயர் நிலைபெற்ற பிறகு, இந்நூலை அதன் முன்னோடியாகப் பலர் கொண்டனர். 1956இல் பெவர்லி கிளியரியின் பதின்பருவக் காதல் நாவலான ‘ஃபிஃப்டீன்’ வந்தது. 1980களிலோ, 1981இல் தொடங்கிய ‘ஸ்வீட் டிரீம்ஸ்’, 1983இல் தொடங்கிய ‘ஸ்வீட் வேலி ஹை’ போன்ற மலிவுப்பதிப்பு வரிசைகள் பெருகின. இளம்பெண்கள் தம் கைக்காசில் அவற்றை வாங்கியதால், நூலகரின் பரிந்துரைக்கு முன்பிருந்த செல்வாக்கு குறைந்தது.