கழுத்துத் தண்டுவட அழுத்தம்

கழுத்தெலும்புகளுக்குள் இறங்கும் தண்டுவடம் நெருக்குண்டு, அதனால் கை, கால், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் இயக்கம் கெடுவதே கழுத்துத் தண்டுவட அழுத்தம். ‘எலும்புத் தேய்மானம்’ என்ற பெயரோடு இதைக் குழப்பிக்கொள்வோர் அதிகம். அறுபதைத் தாண்டிய பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். தண்டுவடம் நெருக்குண்பது அவர்களில் சிலருக்குத்தான்.

கழுத்தில் எலும்புகள் 7. அவற்றின் நடுவே தண்டுவடம் செல்லும் பாதையின் குறுக்களவு ஏறத்தாழ 17 மி.மீ. அது 13 மி.மீட்டருக்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள். ஜவ்வு பிதுங்குவது, எலும்பு முள் வளர்வது, பின்பக்கத் தசைநார் தடிப்பது அல்லது எலும்பாகவே இறுகிப்போவது ஆகியவை பாதையை அடைக்கும். காசநோய், கட்டி, அடிபடுதல் ஆகியனவும் காரணமாகலாம்.

தண்ணீரும் ஒரு காரணம். ஃப்ளோரைடு மிகுந்த கிணற்று நீரைப் பல ஆண்டு குடித்தவர்களின் முதுகெலும்பு இறுகி, கைகால் செயலிழப்பதை அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டு 1937இல் எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி. வரைதான் ஃப்ளோரைடு இருக்கலாம் என்பது இன்றைய வரம்பு.

மணியாச்சி, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கழுத்துக்கு வேலை அதிகம். சும்மாடு கூட்டிக் குடமும் விறகுக்கட்டும் சுமந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் குனிந்த தலை நிமிராமல் கட்டை அடுக்கியவர்களும் உண்டு. தலைச்சுமை தூக்குவோரின் கழுத்தெலும்பு சீக்கிரமே தேய்வதை ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சுமந்தவர்கள் எல்லாருக்கும் தண்டுவடம் நெருக்குண்பதில்லை. பிறவியிலேயே பாதை குறுகலாக அமைந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல்.

இந்த நோய் ஆளை ஏமாற்றுவது ஓரிடத்தில்தான். கோளாறு கழுத்தில் இருக்கும். முறையீடு கையிலிருந்தும் காலிலிருந்தும் வரும். பலருக்குக் கழுத்து வலிப்பதே இல்லை. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும். சோற்றைப் பிசைந்து எடுத்தால் விரலிடுக்கில் சிந்தும். விரல் நுனி மதமதவென்று இருக்கும். நடக்கையில் செருப்பு காலை விட்டு நழுவும்; நழுவியதே தெரியாமல் நான்கு எட்டு நடந்துவிட்டு, மண் சுட்ட பிறகு திரும்பிப் பார்ப்பார்கள். ‘வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி’ என்று சத்து ஊசியோடு காலம் போகும். முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஓராண்டைத் தொலைப்பவர்களும் உண்டு.

மருத்துவர் சில எளிய சோதனைகள் செய்வார். 10 விநாடிக்குள் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்வார். 20 முறை முடியாவிட்டால் சந்தேகம் வலுக்கும். கழுத்தை முன்னால் வளைக்கும்போது முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வது போலிருந்தால் அதுவும் ஓர் அடையாளம். பிரெஞ்சு மருத்துவர் லெர்மிட் பெயரால் அந்த அடையாளம் அறியப்படுகிறது. நோயின் கடுமையை அளக்க ஜப்பானியர் வகுத்த மதிப்பெண் முறை, குச்சியால் சாப்பிட முடிகிறதா என்று கேட்கிறது. நம்மூரில் கேட்கவேண்டியது சோற்றுக் கவளத்தைப் பற்றி. நெருக்கம் எங்கே, எவ்வளவு என்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

சுளுக்கு வழிப்பதும், முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுப்பதும் இந்த நோயாளிக்கு ஆகாது. ஏற்கெனவே நெருக்குண்ட தண்டுவடம் ஒரு திருகலில் கெட்டுப்போகலாம்.

இலேசான அழுத்தமென்றால் கண்காணிப்பு போதும். நடை தடுமாறத் தொடங்கினால் அறுவை சிகிச்சைதான் வழி; முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ பாதையை அகலப்படுத்துவார்கள். அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்பது, எத்தனை மாதம் தாமதித்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

விபத்தில் படும் அடி வேறு கணக்கு. 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தில் அடிபட்ட பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே இயக்கம் போனது. தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை அவர் தொடங்கினார். இன்று தென்காசி மாவட்டத்திலிருக்கும் ஆய்க்குடியில் தண்டுவடம் பாதித்தோருக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் அளிக்கிறது அந்த அமைப்பு. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பனையிலிருந்து விழுந்தவரையும் பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டவரையும் ஆளுக்கொரு கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது, தப்பிய தண்டுவடத்தையும் அறுத்துவிடக்கூடும். தலையையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குக் காத்திருக்க வேண்டும்.

மணியாச்சியிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டும் இரயிலில் சுமார் 30 கி.மீ.; இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. திடீரென்று கால் செயலிழந்தாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். மற்றபடி போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களோடு ஒரு விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்: செருப்பு முதன்முதலாக எந்த மாதம் நழுவியது என்று.