மடன் தரும் நகை: தன்மை நோக்குப் புதிர் விளையாட்டுகளில் சிரிப்பின் களம்

எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும் தொல்காப்பியம் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. கணினித் திரையில் புதிர் ஒன்றை விடுவித்துக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டுச் சிரிப்பவரின் சிரிப்பு இவற்றுள் எதைச் சேர்ந்தது? பெரும்பாலும் மடன் வழிப்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்றாக முதன்மையாய் எடுத்துக்கொள்வது மெல்போர்னில் உருவான 'ஆன்டிசேம்பர்'. ஒப்பீட்டுக்கு அமெரிக்க நிறுவனமான வால்வ் வெளியிட்ட 'போர்ட்டல்' (2007), 'போர்ட்டல் 2' (2011) ஆகியவை.

இவை மூன்றும் தன்மை நோக்கில் அமைந்தவை. ஆடுபவர் தம் உருவத்தைப் பெரும்பாலும் திரையில் காண்பதில்லை. பாத்திரத்தின் கண்ணே அவர் கண். இடறுவதும் விழுவதும் வேறொரு பொம்மைக்கு நேர்வதாகத் தோன்றாமல் 'நான் விழுந்தேன்' என்றே உணரப்படும். நகையின் களத்தைத் தீர்மானிப்பதில் இந்த அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

போர்ட்டலின் நகைச்சுவை அதன் வசனத்தில் இருக்கிறது என்பது பொதுக்கருத்து. சோதனைக் கூடத்தில் அடைபட்ட பெண்ணை அறை அறையாக அனுப்பி, கேக் தருவதாக ஆசைகாட்டி, பாராட்டும் குரலிலேயே குத்திக்காட்டும் கிளாடோஸ் என்னும் இயந்திரத்துக்கு எலன் மெக்லெய்ன் குரல் கொடுத்தார். இது தெளிவான எள்ளல். எள்ளலை, தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளத் தான் நகுவது என இரண்டாக விரிப்பார். கிளாடோஸின் பேச்சுக்கு நாம் சிரிப்பது இரண்டாம் வகை. 'போர்ட்டல் 2'இல் வரும் வீட்லி, தவறான யோசனை சொல்வதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். அவன் பேதைமையின் உருவம். இதுவரை பொதுக்கருத்து சரியே.

ஆனால் அதே விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி அந்தக் கருத்தை அசைத்துவிடுகிறது. நெடுந்துயிலிலிருந்து எழுந்த பெண்ணுக்குப் பேச்சு வருகிறதா என்று பார்க்க, ஒரு சொல்லைச் சொல்லும்படி வீட்லி கேட்கிறான். பேசுவதற்கு இன்ன பொத்தானை அழுத்துக என்று திரை காட்டுகிறது. அழுத்துகிறோம். அவள் பேசவில்லை, குதிக்கிறாள். அது குதிக்கும் பொத்தான். இங்கே நகை வசனத்தில் இல்லை. திரை சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்து பழகிய நம் விரலில் இருக்கிறது.

உரை மரபில் மடத்துக்கு ஒரு விளக்கம் உண்டு: பிறர் அறிவுறுத்தக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். மகளிர் பண்புகளை விளக்கும் இடத்திலும் பயிலும் அந்த விளக்கத்தை நகையின் களத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், பேதைமைக்கும் மடனுக்கும் இடையிலான கோடு துலங்குகிறது. பேதை அறியாதவர், மடன் உடையவரோ கற்றவர், கற்றதைக் கைவிட முடியாதவர். பொத்தானை அழுத்தியவர் பேதையல்லர். எத்தனையோ விளையாட்டுகளை ஆடித் தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சியே அவரை ஏமாற்றியது.

இந்த ஒரு நொடியை ஒரு முழு உலகமாக விரித்தவர் ஆஸ்திரேலியரான அலெக்சாண்டர் புரூஸ். ஆன்டிசேம்பர் பல ஆண்டு உழைப்பு. முதலில் அதற்கு வேறு பெயர். 2012இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தொழில்நுட்பச் சிறப்பு விருதைப் பெற்றது. 2013 ஜனவரி 31 அன்று ஸ்டீம் தளத்தில் வெளியானது. வெள்ளைச் சுவர்கள், மெல்லிய கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே அடர்ந்த நிறம். கிளாடோஸ் போல ஏசவோ வீட்லி போல உளறவோ யாரும் இல்லை. சாவும் இல்லை.

அதன் முதற்புதிரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நடைவழி முடிந்து பெரும் பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. பள்ளத்தின் மேல், குதி என்று ஆணையிடும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் மிதக்கிறது. ஓடிவந்து குதிக்கிறோம், அக்கரை எட்டாமல் கீழே விழுகிறோம். குதிக்காமல் மெல்ல நடந்தால் காலடியில் தரை தானே உருவாகிறது. சிறிது தள்ளி இரண்டு படிக்கட்டுகள், ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. எதில் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். வந்த வழியே திரும்பினால்தான் புது வழி. தொடக்க அறையில் ஒரு கடிகாரம் தொண்ணூறு நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. சுழியைத் தொட்டதும் எதுவும் நடப்பதில்லை. ஆணைக்குப் பணிதல், இரண்டில் ஒன்றைத் தேர்தல், கடிகாரத்துக்கு அஞ்சுதல் எல்லாம் முந்தைய விளையாட்டுகள் நமக்கு அறிவுறுத்தியவை. அவற்றை விடாத கணத்தில் விழுகிறோம். விட்ட கணத்தில், விழுந்ததை எண்ணிச் சிரிக்கிறோம்.

தன்மை நோக்கு ஒருவருக்கு மட்டுமே உரியது, சிரிப்பு அப்படியன்று. மொனாஷ் பல்கலைக்கழகம் 1961இல் வகுப்புகளைத் தொடங்கிய மெல்போர்ன் புறநகரான கிளேட்டனில், வளாகத்தை ஒட்டிய வாடகை வீடுகளில் தமிழ் மாணவர்கள் பகிர்ந்து வாழ்கிறார்கள். அத்தகைய ஒரு கூடத்தில் ஆன்டிசேம்பர் ஆடப்படுவதைக் கண்டிருக்கிறேன். விசைப்பலகை ஒருவர் கையில். சோபாவில் இருப்பவர்களிடமிருந்து 'குதி மச்சான், குதி!' என்று ஒரே கூச்சல். அவர் விழுந்ததும் கூடம் சிரித்தது. விசைப்பலகை கை மாறியது. 'எனக்குத் தெரியும்' என்று வாங்கியவர் இன்னும் வேகமாக ஓடிவந்து குதித்தார், விழுந்தார். இம்முறை முதலில் விழுந்தவர் சிரித்தார். தன்கண் தோன்றிய மடனும் பிறன்கண் தோன்றிய மடனும் சில நிமிட இடைவெளியில் இடம் மாறிக்கொண்டன. விடுகதை போடும் பாட்டியிடம் விடை தெரிந்தவரின் மேன்மை இருக்கும். இங்கே புதிர் போட்டவர் எங்கோ போய்விட்டார். கூடத்தில் எல்லாரும் ஒரே தட்டில். கேலி இருந்தும் யார் முகமும் சுருங்காததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

மறுப்பு ஒன்றும் எழலாம். புரூஸ் சுவரெங்கும் பலகைகள் வைத்திருக்கிறார். அழுத்தினால் சிறு படமும் அறிவுரை போன்ற ஒரு வாசகமும் தோன்றும். அதுவும் ஒரு குரல்தானே? குரல்தான். ஆனால் பெரும்பாலும் நிகழ்ந்த பின் வரும் குரல். நகை அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. உள்ளபடி சொன்னால் இப்பலகைகளில் பல மிகை. நாம் உடலால் அறிந்ததை வாசகமாகச் சுருக்கிச் சிரிப்பைத் தணிக்கின்றன.

என் துணிபுக்கு வலுவான சான்று விளையாட்டின் பிற்பகுதியில் கிடைக்கிறது. கட்டைகளை உறிஞ்சவும் அடுக்கவும் வளர்க்கவும் உதவும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வருகின்றன. புதிர்கள் கடினமாகின்றன, அழகும் குறையவில்லை. சிரிப்பு மட்டும் வற்றிவிடுகிறது. கருவிகளின் விதிகள் நிலையானவை. விதி நிலைத்துவிட்டால், கற்றதை விடாதிருத்தல் குற்றமாகாது. அதுவே வெற்றிக்கு வழி. மடன் போனதும் நகையும் போயிற்று. போர்ட்டலிலும் சுவரில் உருவாக்கும் துளை வழி பாயும் விதி நிலைத்த பின் நகையைத் தாங்குவது கிளாடோஸின் நாக்குதான். அங்கே எள்ளல் மடனின் இடத்தை நிரப்புகிறது. நிரப்ப ஆளில்லாத ஆன்டிசேம்பர் மௌனமாகிவிடுகிறது.

மெல்போர்னின் ஆக்மி அருங்காட்சியகம் 2012இலேயே 'கேம் மாஸ்டர்ஸ்' என்ற பெரிய கண்காட்சியை நடத்தியது. விளையாட்டுகளைப் பண்பாட்டுப் பொருளாகக் காணும் வழக்கம் இந்நகரில் வேரூன்றிவிட்டது. அருங்காட்சியகத்தால் நிரலையும் கருவியையும் காக்க முடியும். சோபாவில் எழும் தமிழ்ப் பேச்சைக் காப்பது நம் வேலை. யார் எந்த இடத்தில் சிரித்தார், அப்போது என்ன சொன்னார் என்பதை ஒலிப்பதிவு செய்து, மெய்ப்பாட்டியலின் களங்களோடு வைத்துப் பார்க்கும் ஆய்வைக் கிளேட்டனில் பயிலும் தமிழ் மாணவர்களே தொடங்க வேண்டும். அதற்குத் தேவையான கோட்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.