அவதார் ஆடைவரைவு: அனிமே பாணி

மெய்நிகர் உலகங்களில் பயனரின் உருவமாக நடமாடும் அவதாருக்கு, ஜப்பானிய அனிமேயின் கோட்டையும் வண்ணத்தையும் பின்பற்றி உடை வரையும் கலை. வரையப்படுவது தட்டையான படம். அது முப்பரிமாண உடலைச் சுற்றியதும் பள்ளிச் சீருடையாக, கிமோனோவாக, சேலையாக மாறுகிறது. இப்படத்தை டெக்ஸ்சர் என்பர். ஓவியமும் தையலும் சரிபாதியாகக் கலந்த வேலை இது.

அடிப்படை

உருவத்தின் மேற்பரப்பைச் சில கோடுகளில் வெட்டி, தாள்போல விரித்தால் கிடைப்பது யுவி மேப். வெட்டிய கோடு சீம். முன்பாகம், பின்பாகம், கை, காலர் என்று கட்டிங் மாஸ்டர் துணியைப் பிரிப்பதும் இதே சிந்தனைதான். விலாவிலோ அக்குளிலோ இரு துண்டுகள் சேரும் இடத்தில் கட்டம் பிசகினால், படம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் உடை கோணலாகவே தெரியும். ஆகவே முதலில் சதுரங்கக் கட்டம் போட்ட படத்தை உடலில் ஏற்றி, எங்கே கட்டம் இழுபடுகிறது, எங்கே சுருங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வரையத் தொடங்குவார்கள். படத்தின் பக்க அளவு பெரும்பாலும் 512, 1024, 2048 பிக்சல் என இரட்டித்துப் போகும்.

அனிமே பாணிக்கு இதற்குமேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. நூலிழை, கசங்கல், அழுக்கு எல்லாம் விலக்கப்படும். அடிவண்ணம் ஒன்று, கூர்மையான விளிம்புடன் நிழல்வண்ணம் ஒன்று, தேவைப்பட்டால் ஒளிக்கீற்று ஒன்று. நிழலுக்கு வெறும் கறுப்பைக் கலப்பதில்லை. வெள்ளைச் சட்டையின் நிழல் வெளிர்நீலமாகவோ ஊதாவாகவோ சாயும். மடிப்புக்கோடுகள் முழங்கை, இடுப்பு, முழங்கால் என உடல் மடங்கும் இடங்களில் மட்டும் வரும். இந்தச் சிக்கனம் கைவேலைக் காலத்தின் கொடை. ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1963இல் வாராந்தரத் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, கண்ணாடிபோன்ற செல் தாள்களில் ஒவ்வொரு படத்தையும் கையால் வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. கோடு குறைந்தால்தான் வேலை நேரத்துக்கு முடியும்.

வரலாறு

லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் ‘செகண்ட் லைஃப்’ உலகைத் திறந்தது. பயனர்களே பொருள்களைச் செய்து, லிண்டன் டாலர் என்ற அவ்வுலக நாணயத்துக்கு விற்கலாம் என்ற ஏற்பாடு ஆடைவரைவைப் பிழைப்பாக்கியது. அங்கே சட்டை, காற்சட்டை, மேலங்கி, கையுறை போன்றவை உடலின்மேல் ஒட்டிய படலங்களே. தொய்வும் மடிப்பும் கொண்ட துணி என்று கண்ணை நம்பவைக்க, நிழல் முழுவதையும் வரைபவரே தீட்ட வேண்டியிருந்தது. இதனால் அனிமே ஓவியப் பயிற்சி அங்கே நேரடியாகக் கைகொடுத்தது. 2011இல் மெஷ் எனப்படும் முப்பரிமாண வலை உருவங்களை வெளியிலிருந்து கொண்டுவரும் வசதி வந்தபின், பாவாடையின் வீச்சும் சட்டையின் தொய்வும் உண்மை வடிவம் பெற்றன. உடற்படலத்தில் வரைந்த உடையை மெஷ் உடலுக்கும் அணிவிக்கும் வசதி 2019இல் சேர்ந்தது.

இதே காலத்தில் ஜப்பானிய விளையாட்டுத் துறை, ஒளியைப் படிப்படியாக மங்கவிடாமல் இரண்டே தளங்களாகப் பிரித்துக்காட்டும் டூன் ஷேடரை வளர்த்தது. சேகாவின் ‘ஜெட் செட் ரேடியோ’ (2000) அதன் தொடக்ககால வெற்றி. ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸின் ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ (2014) அதை நுட்பமாக்கியது. அதன் கலைஞர்கள் யுவி துண்டுகளைச் செங்குத்தாகவும் கிடையாகவும் நிமிர்த்தி, டெக்ஸ்சரின் கோடுகளை நேர்கோடுகளாகவே போட்டனர். சாய்ந்த கோட்டில் தெரியும் படிக்கட்டுப் பிசிறு இதனால் மறைந்து, அருகில் போய்ப் பார்த்தாலும் பேனாவால் இழுத்த கோடாகவே நின்றது.

2017இல் அவதார்கள் கூடிப் பேசும் ‘விஆர்சாட்’ உலகம் ஸ்டீம் விளையாட்டு விற்பனைத் தளத்துக்கு வந்தது. 2018இல் டுவாங்கோ நிறுவனம் விஆர்எம் என்ற அவதார் கோப்புவடிவத்தை வெளியிட்டது. அதே ஆண்டு பிக்சிவ் நிறுவனம் ‘விராய்டு ஸ்டுடியோ’வை இலவசமாக அளித்தது. முப்பரிமாண வடிவமைப்புப் பயிற்சியே இல்லாதவரும் ஆயத்த உடலைத் திறந்து, அதன் சட்டைமேல் நேராக வரையலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. பதின்வயதினருக்கும் இத்தொழிலுக்குள் நுழைய அது ஒரு வாசல். சிறுவர்களுக்கு அதைவிட எளிய வாசல் ‘ரோப்லாக்ஸ்’ விளையாட்டுத் தளம். அதன் சட்டை வார்ப்புரு 585க்கு 559 பிக்சல் அளவுள்ள ஒரே படம்.

இந்திய உடையும் அனிமேயும்

இரண்டும் சந்தித்த முதல் பெரிய நிகழ்வு, யூகோ சாகோவின் முயற்சியில் ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. கொய்ச்சி சசாகியும் ராம் மோகனும் இயக்கத்தில் பங்கேற்றனர். வேட்டியை எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் ஆசி பெறுவது எப்படி என்பதை இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் இப்படம் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது.

சென்னையின் பங்கு வேறு வழியில் தொடங்கியது. சென்னை நிறுவனமான பெண்டாமீடியா கிராஃபிக்ஸ், 2000இல் வெளிவந்த ‘சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்’, ‘பாண்டவாஸ்’ ஆகிய கணினி அசைவூட்டப் படங்களில் உழைத்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ (2014) நடிப்புப் பதிவு முறையில் வந்தது. அதன் உடைகளை வடிவமைத்தவர் நீதா லுல்லா. சென்னைக்கு வெளியே, 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த ஓர் இணையர், மெய்நிகர் உலகில் வரவேற்பு நடத்தினர். மணமகளின் மறைந்த தந்தையும் அவதாராக அதில் இடம்பெற்றார். விளையாட்டு என்று கருதப்பட்ட உருவம் ஒரு குடும்பத்தின் சடங்கில் இடம்பிடித்த பிறகு, அது உடுத்துவது என்ன என்பதும் அற்பமான கேள்வியாக இருக்க முடியாது.

சேலை என்ற சவால்

சட்டையும் ஸ்கர்ட்டும் வெட்டித் தைத்தவை. யுவி துண்டுகளுக்கு இயல்பாகப் பொருந்துபவை. சேலையும் வேட்டியும் அப்படியல்ல. சேலையின் ஒரே நீளத்துணி இடுப்பைச் சுற்றி, கொசுவமாக மடிந்து, மார்பைக் கடந்து தோளில் ஏறுகிறது. ஒட்டிய படலமாக வரைந்தால் கொசுவம் கோடுபோட்ட பாவாடையாகிவிடும். நல்ல வரைவாளர் இடுப்புக்குக் கீழே தனி மெஷ், முந்தானைக்குத் தனி மெஷ் என்று பிரிக்கிறார். முந்தானை நடைக்கேற்ப அசைய, மெய்நிகர் எலும்புகளைச் சங்கிலியாகக் கோக்கிறார். கரை, கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்கும்படி யுவியை நேராக்குகிறார். பட்டின் மினுக்கத்தை ஒரே ஒளிக்கீற்றில் சொல்வதும், சரிகையை மஞ்சளும் பழுப்புமாக இரண்டே வண்ணத்தில் காட்டுவதும் அனிமே பாணியின் உண்மையான தேர்வுகள்.

மேற்குச் சென்னை

இத்தகைய வேலைக்குத் தேவையான துணியறிவு செறிந்த வட்டாரம் மேற்குச் சென்னை. ராணுவச் சீருடை தைக்கும் ஆவடி படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது. 2021 முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் வளர்ந்தன. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரத்தின் தறிகள்.

கருவிகளும் ஆடைத்தொழிலையும் அவதார் வரைவையும் நெருக்கிவிட்டன. தென்கொரியாவின் க்ளோ வர்ச்சுவல் ஃபேஷன் நிறுவனம், ஆடைத்தொழிலுக்கு ‘க்ளோ’ மென்பொருளையும், விளையாட்டு, அசைவூட்டத் துறைகளுக்கு ‘மார்வலஸ் டிசைனர்’ மென்பொருளையும் தருகிறது. இரண்டிலும் பேட்டர்ன் துண்டுகளைத் திரையில் வெட்டி, விளிம்புக்கு விளிம்பு தைத்து, உருவத்துக்கு மாட்டிப் பார்க்கலாம். தொழிற்கூடத்தில் பேட்டர்ன் போடுபவரின் கைப்பழக்கம் அவதார் உடைக்கும் அப்படியே செல்லும். ராமாயணப் படத்தில் வேட்டி சரியாக அமைந்தது, கட்டத் தெரிந்தவர்கள் ஓவியர்களின் பக்கத்தில் இருந்ததால். தமிழ் உடைகள் மெய்நிகர் உலகில் நிலைக்கவும் அதே கூட்டு வேண்டும்: டூன் ஷேடர் தெரிந்த இளைஞரும், கொசுவம் எடுக்கத் தெரிந்த தாயும், பேட்டர்ன் தெரிந்த கட்டிங் மாஸ்டரும் ஒரே திரையின் முன் அமர வேண்டும்.